லாட்ஜ் வாடகை: போர்டில் ஒரு தொகை, பில்லில் ஒரு தொகை – கட்டண வெளிப்படைத்தன்மைச் சட்டங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, மெயின் பஜார் பகுதிகளில் அறை தேடி வருபவர்களில் பலர் ஓர் இரவு தங்கிப் போகிறவர்கள் அல்லர். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு வருகிறார்கள். டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் கொடுத்து, ரிசல்ட் வந்து, மறுபடியும் காட்டி முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகிவிடுகிறது. ஒரு நாள் வாடகையில் ஐம்பது ரூபாயைச் சொல்லாமல் விட்டால், ஸ்ரீபுரம் தங்கக் கோயில் பார்க்க வந்து ஒரு நாள் தங்குபவருக்கு நட்டம் ஐம்பது ரூபாய். இருபது நாள் தங்கும் குடும்பத்துக்கு அது ஆயிரம் ரூபாய், பல வீடுகளில் மாத்திரைச் செலவுக்கு எடுத்து வைத்த பணம்.

தங்கும் விடுதிகள் தங்கள் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்கிற சட்டங்கள் உலகின் பல நாடுகளில் வந்துவிட்டன. இந்தியாவிலும் இருக்கின்றன, ஆனால் ஒரே சட்டமாக இல்லை, நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்று சேர்த்துப் பார்த்தால் கவுன்டரில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கப் பிடியில்லை என்பது தெளிவாகிவிடும்.

விலையைக் குறை என்று சொல்லும் சட்டம் அல்ல

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கட்டண வெளிப்படைத்தன்மை வேறு, விலைக் கட்டுப்பாடு வேறு. பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி கிரிவலத்துக்கும் கார்த்திகை தீபத்துக்கும் அங்கே அறை வாடகை சாதாரண நாளைப்போல் பல மடங்கு ஏறும். ஏலகிரியில் சனி, ஞாயிறுகளில் காட்டேஜ் வாடகை ஏறும். கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றியதற்காக மட்டும் இந்தச் சட்டங்களின் கீழ் யாரையும் பிடிக்க முடியாது. போர்டில் 1,500 என்று எழுதிவிட்டு உள்ளே 5,000 கேட்டால் பிடிக்கலாம். 1,500 ரூபாய்க்கு உறுதி செய்து அட்வான்ஸும் வாங்கிக்கொண்டு, தீபத்தன்று வந்து நிற்பவரிடம் ‘ரூம் இல்லை’ என்று கைவிரித்துவிட்டு அதே அறையை அதிக விலைக்கு வேறொருவருக்குக் கொடுத்தால், அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோகத் தக்க வழக்கு.

சட்டம் கேட்பது இவ்வளவுதான்: வாடிக்கையாளர் தவிர்க்க முடியாத எல்லாக் கட்டணமும் முதலில் சொல்லும் தொகைக்குள்ளேயே இருக்க வேண்டும். எது தவிர்க்க முடியாதது என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: ‘இது எனக்கு வேண்டாம்’ என்று சொன்னால் அறை கிடைக்குமா? கிடைக்கும் என்றால் அது விருப்பக் கட்டணம். காலை டிபன், கேஸ் அடுப்பும் பாத்திரமும், ஸ்டேஷனுக்கு வண்டி எல்லாம் இந்த வகை. ‘பராமரிப்புக் கட்டணம் எல்லாருக்கும் உண்டு, அது கொடுக்காமல் ரூம் தரமாட்டோம்’ என்றால் அது கட்டாயக் கட்டணம். அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது வாடகையின் ஒரு பகுதிதான்.

நடுவில் சில நிற்கும். நோயாளியோடு ஒருவர் கூட வந்தே ஆக வேண்டும் என்கிற ஊரில், ஒரு நபருக்கான வாடகையைப் போர்டில் போட்டுவிட்டு ‘எக்ஸ்ட்ரா ஆள்’ என்று தனியாக வாங்குவதை விருப்பக் கட்டணம் என்று எப்படிச் சொல்வது? எங்கள் கருத்தில், மருத்துவமனைப் பகுதி லாட்ஜ்கள் இரண்டு பேருக்கான வாடகையைத்தான் முதலில் எழுத வேண்டும்.

கணக்காகப் பார்த்தால் இது ஏன் முக்கியம் என்பது விளங்கும். இரண்டு லாட்ஜ்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. முதல் லாட்ஜ் 650 ரூபாய் என்கிறது. உள்ளே போன பிறகு கூட இருப்பவருக்கு 100, வெந்நீர், கரன்ட் என்று 60. கூட்டினால் 810, அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 40 ரூபாய் 50 காசு. ஆக ஒரு நாளைக்கு 850 ரூபாய் 50 காசு. இரண்டாவது லாட்ஜ் ‘இரண்டு பேருக்கு எல்லாம் சேர்த்து 800’ என்கிறது. தெருவில் நின்று ஒப்பிடுகிறவர் முதல் லாட்ஜில் 18 நாளைக்கு 2,700 ரூபாய் மிச்சம் என்று நினைத்து உள்ளே போகிறார். கிளம்பும்போது கட்டுவது 15,309 ரூபாய். இரண்டாவது லாட்ஜில் 14,400தான் ஆகியிருக்கும். மிச்சம் பிடிக்கப் போய் 909 ரூபாய் கூடுதலாகப் போயிற்று.

இதில் இழப்பது வாடிக்கையாளர் மட்டும் அல்ல. உண்மையான தொகையைப் போர்டில் எழுதிய இரண்டாவது லாட்ஜ்காரருக்கு வியாபாரம் போய்விட்டது. அடுத்த மாதம் அவரும் 650 என்று எழுதத் தொடங்குவார். தெரு முழுக்க இப்படி மாறிய பிறகு தனி ஒருவர் நேர்மையாக இருக்க முடியாது. அதனால்தான் இதைத் தனிமனித நாணயத்துக்கு விட்டுவிடாமல் சட்டமாகப் போடுகிறார்கள்.

பின்னால் சேர்க்கும் கட்டணம் ஏன் பலிக்கிறது? மனம் முதலில் கேட்ட தொகையைப் பிடித்துக்கொள்ளும். முப்பது மணி நேர ரயில் பயணம் முடிந்து காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, நோயாளியை மாடிப்படி ஏற்றிப் பாயில் உட்கார வைத்த பிறகு, கூடுதலாக 160 ரூபாய் என்று கேட்டதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போக யாருக்கும் தெம்பு இருக்காது. ஆட்டோக்காரர் அழைத்துக்கொண்டு போன லாட்ஜ் என்றால் அவருடைய கமிஷனும் வாடகையில் எங்கோ ஏறியிருக்கும்.

வெளிநாட்டில் எப்படி வரையறுத்தார்கள்

இந்தக் கருத்தை மிகச் சுருக்கமாக எழுதிவைத்திருப்பது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம். 2024 டிசம்பரில் அறிவித்து 2025 மே 12 முதல் அமலுக்கு வந்த அதன் விதி இரண்டே தொழில்களுக்குப் பொருந்தும்: நேரடி நிகழ்ச்சிகளின் டிக்கெட், குறுகிய காலத் தங்குமிடம். ஹோட்டல், விடுமுறை வாடகை வீடு எல்லாம் இரண்டாவதில் அடங்கும். அங்கே ‘ரிசார்ட் கட்டணம்’ என்ற பெயரில் ஒரு தொகையைக் கடைசித் திரையில் சேர்ப்பது பெரும் வழக்கமாகிவிட்டிருந்தது. இப்போது, விலை என்று ஒன்றைக் காட்டினால் கட்டாயக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையைக் காட்ட வேண்டும். அது மற்ற விலைகளைவிட எடுப்பாகத் தெரிய வேண்டும். ஒரு கட்டணம் எதற்காக என்பதைத் திரித்துச் சொல்லக் கூடாது.

அரசு வரியை மட்டும் அந்த மொத்த விலையிலிருந்து விட்டுவிட அந்த விதி அனுமதிக்கிறது. பணம் கட்டும் முன் வரியைச் சொன்னால் போதும். பிரிட்டனில் 2025 ஏப்ரல் 6 முதல் அமலில் உள்ள நுகர்வோர் சட்டப் பிரிவுகள் வரியையும் சேர்த்தே முழு விலையைக் காட்டச் சொல்கின்றன. ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். வரி சேருமா சேராதா என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால், வெளிநாட்டுப் பழக்கத்தை வைத்து இங்கே வாதாடுவதில் பயன் இல்லை.

இந்தியாவில் எங்கெங்கே இருக்கிறது

அடிப்படை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. உணவும் தங்குமிடமும் கொடுப்பது ‘சேவை’ என்று அதிலேயே எழுதியிருக்கிறது. விலையைத் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை. பில் கொடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. போர்டிலோ நோட்டீஸிலோ தவறான தகவல் கொடுப்பது திசைதிருப்பும் விளம்பரம். கடைசியாகச் சொன்னதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்; மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

ஆன்லைனில் அறை போடுபவர்களுக்குப் பிடி இன்னும் வலுவானது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, ஒரு சேவையின் மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும். கட்டாயக் கட்டணம், விருப்பக் கட்டணம், வரி எவ்வளவு எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும். அமெரிக்க விதியில் வெளியே நிற்கும் வரி இங்கே உள்ளே வந்துவிடுகிறது. அதே விதிகளில் பலருக்குத் தெரியாத இன்னும் இரண்டு உண்டு. வாடிக்கையாளர் கேன்சல் செய்தால் கட்டணம் பிடிக்கும் தளம், தானே கேன்சல் செய்யும்போதும் அதே மாதிரி ஈடு கொடுக்க வேண்டும். டிக் போட்டே வைத்த பெட்டிகள் மூலம் சம்மதம் வாங்கக் கூடாது. ‘டிராவல் இன்சூரன்ஸ் 49 ரூபாய்’, ‘நன்கொடை 5 ரூபாய்’ என்று ஏற்கெனவே டிக் விழுந்திருந்தால் அது விதிமீறல்.

2023 நவம்பர் 30 அன்று வந்த ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. அறை பதிவில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று: முழு விலையைச் சொட்டுச் சொட்டாக, கடைசித் திரையில் வெளிவிடுவது, கேட்காததைக் கூடையில் நுழைப்பது, ‘ஒரே ஒரு ரூம்தான் மிச்சம், 12 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று பொய் அவசரம் காட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட்தான் சாட்சி. முதல் திரையையும் பணம் கட்டும் திரையையும் இரண்டையும் எடுத்து வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் வித்தியாசத்தைக் காட்ட முடியாது.

சர்வீஸ் சார்ஜ் தனிக் கதை. ஹோட்டலும் உணவகமும் அதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர்நீதிமன்றத் தனி நீதிபதி அதைச் செல்லும் என்றார். அறை பில்லில் சர்வீஸ் சார்ஜைக் கண்டால் எடுத்துவிடச் சொல்லலாம்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளர் பக்கம் சட்டம் இல்லை. ஹோட்டலில் பரிமாறும் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது எடையளவுச் சட்டத்தின்படி குற்றமாகாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பக்கத்துக் கடையில் எம்.ஆர்.பி.க்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி: தகராறு அதிகம் வரும் இடம்

ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன்பு 12 சதவீதமாக இருந்தது. இப்போதும் ‘ஜிஎஸ்டி 12% தனி’ என்ற பழைய அட்டை கவுன்டரில் தொங்கினால் அது தவறு. 7,500-க்கு மேல் போனால் 18 சதவீதம். அந்த எல்லையில் விழும் வித்தியாசம் பெரியது: 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875, 7,600 ரூபாய் அறைக்கு 8,968. சி.எம்.சி. பகுதி லாட்ஜ்களில் இந்தப் பிரச்சினை எழாது; ஏலகிரியில் குடும்பத்தோடு பெரிய காட்டேஜ் எடுப்பவர்கள் கவனிக்கலாம்.

வாடிக்கையாளர் தரப்பிலும் ஒரு பழைய நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது: ஆயிரம் ரூபாய்க்குக் கீழ் வாடகை இருந்தால் ஜிஎஸ்டி கிடையாது என்பது. அந்த விலக்கு 2022 ஜூலை 18 அன்றே போய்விட்டது. பதிவு செய்த லாட்ஜ் 600 ரூபாய் அறைக்கு 30 ரூபாய் வரி கேட்டால் அது சரியான தொகைதான்.

ஆனால் எல்லா லாட்ஜும் ஜிஎஸ்டி வாங்க முடியாது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பதிவு செய்யத் தேவையில்லை. பத்து அறை, அறைக்கு 500 ரூபாய், வருடம் முழுக்க ஓர் அறைகூடக் காலியில்லை என்றாலும் 18 லட்சத்து 25 ஆயிரம்தான் வருகிறது. அப்படிப்பட்ட சின்ன லாட்ஜ் பதிவில்லாமல் ஜிஎஸ்டி என்று பணம் வாங்கினால் சட்டப்படி அது தவறு. இன்னொரு வகை, காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் மொத்த வரவில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருப்பவர்கள். அவர்கள் வரியைத் தங்கள் வரவிலிருந்து கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது. தாங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதைப் போர்டிலும் பில்லின் தலைப்பிலும் எழுதியிருக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பதிவு செய்த லாட்ஜ் தன் ஜிஎஸ்டி எண்ணை வாசல் பெயர்ப் பலகையில் எழுதியிருக்க வேண்டும், பதிவுச் சான்றிதழை உள்ளே தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக 15 இடங்கள். தமிழ்நாட்டில் எடுத்த பதிவு என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலே அந்த எண்ணைப் போட்டுத் தேடலாம்; யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா, காம்போசிஷனா என்று மூன்றும் தெரிந்துவிடும். ரத்தான எண்ணில் வரி வாங்கும் பில்கள் பிடிபடுவது இந்த இடத்தில்தான்.

பில்லில் வரி இரண்டு பகுதியாக இருக்கும்: மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5. தங்குபவர் கொல்கத்தாக்காரராக இருந்தாலும் கட்டடம் வேலூரில் இருப்பதால் இதுதான் கணக்கு. வெளிமாநிலத்தவர் என்பதற்காக அறை வாடகைமேல் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் விற்பனைக்கான ஜிஎஸ்டி) என்று போடக் கூடாது. ஆன்லைன் தளம் தன் சேவைக் கட்டணத்துக்குத் தனியாக 18 சதவீதம் போடுவது வேறு விஷயம். அதில் ஐஜிஎஸ்டி வரலாம். பதிவில்லாத லாட்ஜைத் தளம் வழியாகப் போட்டாலும் பில்லில் ஜிஎஸ்டி இருக்கும், ஏனென்றால் அப்போது வரியைக் கட்டும் பொறுப்பு தளத்தின்மேல் விழுகிறது. இது தெரியாமல் லாட்ஜ்காரரோடு சண்டை போடுபவர்கள் உண்டு.

திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு வரி இல்லை. அறையோடு சேர்ந்தே வாங்கும் எக்ஸ்ட்ரா பெட், மின்சாரம் முதலியவற்றுக்கு அறைக்குரிய விகிதமே.

நீண்ட நாள் தங்கும் புற்றுநோய் நோயாளிகளின் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கி, வாடகை ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் இருந்தால், 2024 ஜூலை 15 முதல் அந்தத் தங்குமிடச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. நாளுக்கு நாள் பதிவு போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போனால் இதைக் கேட்பது கடினம். மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், தொடக்கத்திலேயே 90 நாளுக்கு எழுதி வாங்குவது நல்லது.

24 மணி நேரமா, பகல் 12 மணியா

கட்டணப் பட்டியலில் வராத, ஆனால் பில்லைக் கூட்டும் பெரிய விஷயம் செக்-அவுட் முறை. மூன்றாம் தேதி அதிகாலை 5 மணிக்கு வந்து இருபதாம் தேதி மாலை 6 மணிக்குக் கிளம்பும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேர முறையில் இருபதாம் தேதி காலை 5 மணியோடு 17 நாள் முடிகிறது, மீதி 13 மணி நேரத்துக்கு ஒரு நாள், மொத்தம் 18. பகல் 12 மணி முறையில், வந்த அன்று காலை 5 முதல் 12 வரை ஒரு நாள், அங்கிருந்து 17 நாள், கடைசி மதியத்துக்குப் பின் ஒரு நாள், மொத்தம் 19. வடக்கே போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு, ‘அரை நாள் வாடகை உண்டா, எத்தனை மணி நேரம் வரை விடுவீங்க’ என்று உள்ளே நுழையும்போதே கேட்டுவிட வேண்டும். கடைசி நாளில் கேட்டால் பேரத்துக்கு இடமில்லை.

கவுன்டரில் கேட்க வேண்டியது

‘ரூம் எவ்வளவு?’ என்று கேட்டால் வருவது போர்டு விலைதான். கேள்வியை மாற்ற வேண்டும்: “அண்ணே, ரெண்டு பேருக்கு, வரி, கரன்ட், வெந்நீர் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு? இதுக்கு மேல வேற ஏதாவது உண்டா?” இரண்டாவது கேள்விதான் வேலை செய்யும். ‘வேற ஒண்ணும் இல்லை’ என்று ஒருவர் வாயால் சொன்ன பிறகு, பின்னால் கட்டணம் சேர்ப்பது அவருக்கே சங்கடம்.

பிறகு கட்டண அட்டையைப் போட்டோ எடுங்கள். சொன்ன தொகையை லாட்ஜின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதில் வாங்குங்கள்: ‘ரூம் 204, இரண்டு பேர், வரி உட்பட தினம் 800, 24 மணி நேரம், அட்வான்ஸ் 2,000’. இந்த ஒரு வரி பின்னால் ஒப்பந்தம்போல் உதவும். அட்வான்ஸுக்கு ரசீது கேளுங்கள். அதில் ‘டெபாசிட், திருப்பித் தரப்படும்’ என்றோ ‘வாடகையில் கழிக்கப்படும்’ என்றோ தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஏ.சி.க்கு யூனிட் கணக்கு என்றால் யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு, நுழையும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுங்கள். அறையில் சமைப்பதானால் அடுப்பு, சிலிண்டர், பாத்திரத்துக்கு என்ன என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

வங்கதேசத்திலிருந்து வருபவர்களைப் பற்றிய விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது விடுதியின் சட்டக் கடமை. அதற்கென்று தொகை கேட்பதாக இருந்தால் அதுவும் அறை கொடுக்கும் முன் சொல்லும் மொத்தத்துக்குள் வர வேண்டும்.

லாட்ஜ் நடத்துபவர்களுக்கு

நல்ல கட்டண அட்டை எழுத ஒரு பக்கம் போதும். ‘நான்-ஏ.சி. டபுள், இரண்டு பேருக்கு: வாடகை 800, ஜிஎஸ்டி 40, மொத்தம் 840. 24 மணி நேரம். மின்சாரம், காலை 5 முதல் 9 வரை வெந்நீர், வாரம் இரு முறை விரிப்பு மாற்றுதல் இதில் அடங்கும். மூன்றாவது ஆள்: வரி உட்பட 105. விரும்பினால் மட்டும்: அடுப்பு, பாத்திரம் தினம் 50.’ மொத்தம் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், வாடகையைச் சின்ன எழுத்தில். விழா நாள் கட்டணம் தனி என்றால் தேதியோடு எழுதுங்கள். பழைய அட்டைமேல் புதியதை ஒட்டும்போது ஆன்லைன் தளத்தில் உள்ள விலையையும் அதே நாளில் மாற்றுங்கள். இரண்டும் வேறுபடும்போதுதான் வாசலில் தகராறு வருகிறது.

எந்த மொழியில் எழுதுவது? 1867-ஆம் ஆண்டின் சராய் (பயணிகள் சத்திரம்) சட்டமே, கட்டணப் பட்டியலை மாவட்ட மேஜிஸ்ட்ரேட் சொல்லும் இடத்தில், சொல்லும் மொழிகளில் மாட்டிவைப்பதை விடுதி நடத்துபவரின் கடமையாக எழுதியிருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் தோன்றிய அந்த யோசனை இன்றைய வேலூருக்கு அச்சாகப் பொருந்துகிறது. சி.எம்.சி. பக்கம் பல கடைகளில் பெயர்ப் பலகையே வங்காளியிலும் இந்தியிலும் இருக்கிறது. பெயரை அந்த மொழியில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, கட்டணத்தையும் அந்த மொழியில் எழுதுவது கடினம் அல்ல.

பில் தப்பாக வந்தால்

முதலில் பில்லை வாங்குங்கள். வெள்ளைத் தாளில் எழுதிய மொத்தத் தொகை பில் ஆகாது. கூடுதலாகச் சேர்த்த தொகை எது என்று வட்டமிட்டு, மேனேஜரிடம் போட்டோவைக் காட்டுங்கள். பெரும்பாலான தகராறு இங்கேயே முடிந்துவிடும். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, வேறு வழியில்லை என்றால், பணத்தை யுபிஐ வழியாகக் கட்டி, ‘கூடுதலாகக் கேட்ட இந்தத் தொகையை ஆட்சேபத்தோடு கட்டியிருக்கிறேன்’ என்று அதே வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிட்டுக் கிளம்பலாம்.

ரயிலில் ஏறிய பிறகும் வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் வங்காளியிலும் பேசலாம். அவர்கள் புகாருக்கு எண் கொடுத்து, நிறுவனத்தோடு பேசிச் சமரசம் செய்ய முயல்வார்கள். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆன்லைன் பதிவு என்றால் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இவை பலிக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. லாட்ஜ் பில் எதுவும் அதைத் தாண்டப் போவதில்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. புகாரை ‘இ-ஜாக்ரிதி’ இணையதளத்தில் பதியலாம். முக்கியமாக, 2019 சட்டத்தின்படி புகார்தாரர் தான் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மேற்கு வங்கத்தின் மால்டாவிலிருந்து வந்து போனவர் இதற்காக வேலூர் வரத் தேவையில்லை; வேலூரிலிருந்து கொல்கத்தா போய் ஹோட்டலில் ஏமாந்தவர் வேலூர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

புகாரில் நாலு விஷயம் தெளிவாக இருந்தால் போதும்: முதலில் சொன்ன தொகை, அதற்கான போட்டோ அல்லது வாட்ஸ்அப் பதில்; வாங்கிய தொகை, அதற்கான பில்லும் யுபிஐ விவரமும்; வித்தியாசம் எவ்வளவு; என்ன கேட்கிறீர்கள். கூடுதலாக வாங்கிய பணம், அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஈடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். சிகிச்சை நடக்கும்போது யாருக்கும் இதற்கு நேரம் இருக்காது. பில்லையும் போட்டோக்களையும் அன்றே தன் மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிட்டால், நோயாளி தேறிய பிறகு நிதானமாக உட்கார்ந்து எழுதலாம்.